கண்கட்டு நடை

அண்மையில் விடுதி நண்பரொருவரின் அறையில், தலையில் அணியும் மெய்நிகர்க் காட்சிக்கருவி ஒன்றை யாம் முதன்முறையாக அணிந்து பார்த்தோம். கண்முன் பரந்ததொரு சோலை விரிந்தது. ஆவலோடு அடியெடுத்து வைத்தோம். நான்கே அடி; ஐந்தாம் அடி வைக்குமுன் வெளியிலே ஒரு கோட்டுவலை தோன்றி எம்மைத் தடுத்தது. சோலைக்கு எல்லையில்லை, அறைக்கோ சுவருண்டு. கைக்கருவியிலுள்ள குமிழைத் தள்ளினால் நின்றபடியே எங்கும் செல்லலாம் என்றார் நண்பர். அவ்வாறே செய்தோம். கண் ஓடிற்று, கால் நின்றது, சிறிது நேரத்தில் தலை சுழன்றது.

இதற்குக் காரணம் யாது? நம் உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள. உடல் திரும்புவதை உணர்த்துவன அவையே. கண் ‘செல்கிறோம்’ என்றும் செவி ‘நிற்கிறோம்’ என்றும் கூறுமாயின் உடல் எதனை நம்பும்? அமெரிக்க நாட்டு வடகரோலினாப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்து 1999-ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று, நின்ற இடத்திலேயே மிதித்தலினும், பறந்து செல்லலினும், மெய்யாகவே நடத்தலே எளிதென்று காட்டிற்று. நடையே வேண்டும்; ஆனால் இடமில்லை. இதுவே சிக்கல்.

இச்சிக்கலுக்கு 2001-ஆம் ஆண்டு அப்பல்கலைக்கழகத்து ஷரீப் ரசாக் என்பாரும் அவர்தம் துணைவரும் ஓர் உபாயம் கண்டனர். அணிந்தவர் திரும்புங்கால், காட்சியும் அவரறியாமல் சிறிது மிகையாகவோ குறைவாகவோ சுழலும். நேரே நடக்குங்கால் காட்சி மெல்ல ஒருபுறம் சாயும். அவர் தம்மை நேர்ப்படுத்திக்கொள்வதாக எண்ணி அப்பக்கமே வளைந்து நடப்பார். கண்ணுக்கு நேர்வழி, காலுக்கு வட்டம். கண்கட்டிய செக்குமாட்டை நினைவூட்டும் வித்தை இது!

எவ்வளவு வளைத்தால் அறியமாட்டார்? செருமனி நாட்டு மியூன்ஸ்டர்ப் பல்கலைக்கழகத்து பிராங்க் ஸ்டைனிக்கே முதலானோர் 2010-ஆம் ஆண்டு இதனை அளந்து வெளியிட்டனர். காட்சியில் காணும் திருப்பத்தினும் உடலை நூற்றுக்கு 49 பங்கு மிகையாகவோ, 20 பங்கு குறைவாகவோ திருப்பினும் மக்கள் தெளிவாக உணர்வதில்லை. குறைந்தது 22 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் நடத்தினால் நேரே செல்வதாகவே எண்ணுகின்றனர். அத்தகைய வட்டத்திற்கு 44 மீட்டர் அகலம் வேண்டும். விடுதியறையில் அத்துணை இடமேது? ஆகவே சிற்றறையில் வளைவை மிகுத்தல் வேண்டும். அன்றேல் நடப்பவரை இடையிடையே நிறுத்தித் திருப்புதல் வேண்டும்.

இங்கேதான் யாம் கூற விழைவது உளது. இவ்வித்தையை ‘வஞ்சனை’ என்று முற்றும் தள்ளுவாரோடு யாம் உடன்படோம். நாடகம் காண்பவன் அரங்கிலுள்ள அரசன் மெய்யரசன் அல்லன் என்பதை அறிந்தே கண்ணீர் விடுகிறான். அறிந்து ஏற்கும் மயக்கம் கலை. அறியாதார்மேல் ஏற்றும் மயக்கமே வஞ்சனை. எனவே, தம் கால்கள் திருப்பப்படும் என்பதை அணிவோர்க்கு முன்னரே அறிவித்தல் வேண்டும்; வேண்டாதார் அதனை நிறுத்திவிடவும் வழி வேண்டும் என்பதே எம் கருத்து.

‘அறிவித்துவிட்டால் மாயம் கலைந்துவிடாதோ?’ எனின், கலையாது. மியூன்ஸ்டர்ச் சோதனையே அதற்குச் சான்று. அங்கு நடந்தோரிடம், ‘உம் பாதை இடப்பக்கம் வளைந்ததா, வலப்பக்கம் வளைந்ததா?’ என்றே வினவினர். வளைவு உண்டென்று அறிந்து, அதனையே தேடி நடந்தவர்களாலும் சிறு வளைவைப் பிரித்தறிய இயலவில்லை. ஆதலின் சொல்லிச் செய்வதால் வித்தைக்கு இழப்பில்லை, மறைப்பதற்குச் சாக்குமில்லை.

‘இத்துணைச் சிறு செய்திக்கு இத்துணை வாதமா?’ என்று நகைப்பாரும் உளர். உடல்நிலை தளர்ந்த முதியவர் ஒருவர் இக்கருவியை அணிந்ததாகக் கொள்வோம். தம் உடல் திருப்பப்படுவதை அவர் அறிந்தாலன்றோ வேண்டாமென்று மறுக்க இயலும்? கருவியைக் கழற்றியபின் கதவு எப்பக்கம் என்றறியாது திகைத்தால், தம் மதி மயங்கிற்றென்றே அஞ்சுவார். மேலும், சோலையில் நம்மை வளைத்து நடத்தும் கை, கடைத்தெருவிலும் தனக்கு வேண்டிய வாயிலை நோக்கி நம்மை நடத்த வல்லது. சிறு வளைவை நம் உடல் தானே கண்டுகொள்ளாது என்பது அளந்து கண்ட உண்மை. உடலால் காக்க இயலாததை அறிவிப்பாலேனும் காத்தல் வேண்டும்.

செக்குமாட்டை எவரும் கேட்டுக் கண்கட்டுவதில்லை. நண்பர்காள்! நாமும் இக்கருவியை விரும்பி அணிவோம். சிற்றறைக்குள்ளே பெருஞ்சோலைகளைக் கண்டு மகிழ்வோம். ஆயின், அணியுமுன் ஒரு வினாவை மட்டும் மறவாது கேட்போம்: ‘எம் கால்களை நடத்தப் போவது யார்?’