மோட்டார் சக்கரத்தில் முறிந்த ஆணி

மாட்டு வண்டி பூட்டும் குடியானவர், பாரம் ஏற்றிய பின் கடையாணியைத் தொட்டுப் பாராமல் மாட்டை ஓட்டுவதில்லை. அவரே கார் வாங்கிய பின்னரோ, சக்கரத்தைப் பிடித்துள்ள நான்கு ஸ்டட் ஆணிகளில் ஒன்று முறிந்திருப்பினும், ‘மூன்று இருக்கின்றனவே’ என்று மாதக்கணக்கில் ஓட்டி வருகிறார். இவ்வழக்கம் உடனே ஒழிக்கத்தக்கது.

ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் இவ்விஷயம் அதிகக் கவனத்துக்குரியது. இருங்காட்டுக்கோட்டையில் 1998லும், ஒரகடத்தில் 2010லும் கார் ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கின. இன்று இப்பக்கத்துச் சாலைகளில் கனரக லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. அங்கே கழன்றோடும் சக்கரம், வண்டியிலிருப்போரை மட்டுமன்றி ஓரத்தில் சைக்கிளில் செல்வோரையும் கொல்லக்கூடும்.

ஆணி முறிவது பெரும்பாலும் இரும்பின் குற்றமன்று, முடுக்குவதன் குற்றமாகும். சிறிய காரின் நட்டுக்கு ஏறக்குறைய 10 கிலோகிராம்-மீட்டர் முறுக்கு போதும். அதாவது, அரை மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் 20 கிலோ பளு. 70 கிலோ எடையுள்ள ஒருவர் அதன்மேல் ஏறி நின்றால் முறுக்கு 35 ஆகிறது. அப்போது ஆணி இழுபட்டு நீள்கிறது. பின்னொரு நாள் முறிகிறது. சில பஞ்சர்க் கடைகளில் காற்று விசைத் துப்பாக்கியால் அளவின்றி முடுக்குவதும் இதே தீங்கைச் செய்யும். நட்டு தளர்ந்திருப்பதும் கெடுதலே. சேற்றில் சக்கரம் மாற்றும்போது ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையில் ஒட்டிய மண், காய்ந்து உதிர்ந்தவுடன் பிடி விட்டுவிடுகிறது. வரப்போரத்தில் வண்டி நிறுத்துவோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

முறிந்த ஆணியை மாற்றப் பட்டறைக்கே போக வேண்டுமென்பது சிலர் கருத்து. எஞ்சின் பம்பு செட்டைத் தாமே பிரித்துப் பூட்டும் குடியானவருக்கு இது கைக்கு மிஞ்சிய வேலையன்று. கெட்டித் தரையில் வண்டியை நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கியபின் இரும்பு ஸ்டாண்டில் தாங்கவைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பலாகாது, செங்கல்லையும் நம்பலாகாது. முன்சக்கரமாயின் பிரேக் காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தூக்கிவைக்க வேண்டும். ரப்பர்க் குழாயில் தொங்க விடலாகாது. டிஸ்க்கை எடுத்தபின், பழைய ஆணியைச் சுத்தியலால் பின்புறமாகத் தட்டி வெளியேற்றலாம். தட்டுவது மிகுந்தால் பேரிங் கெடும்.

புது ஆணியைப் பின்புறத்திலிருந்து செருகி, அதன் கழுத்திலுள்ள பற்கள் துளையின் பள்ளங்களோடு பொருந்துமாறு வைக்க வேண்டும். பின் முன்புறத்தில் சில வாஷர்களை அடுக்கி, ஒரு பழைய நட்டைத் தட்டையான பக்கம் உள்ளே இருக்குமாறு பூட்டி, மெதுவாக முடுக்கினால், ஆணியின் தலை ஹப்பில் படியும் வரை ஏறும். ஹப் சுழலாதிருக்க, மற்ற ஆணிகளில் நட்டுகளை மாட்டி அவற்றினிடையே கடப்பாரை கொடுத்துக்கொள்ளலாம். வேலை முடிந்தபின் அந்தப் பழைய நட்டை எறிந்துவிடுக. அண்டை ஆணிகள் முறிந்ததன் பாரத்தையும் சுமந்தவை. ஆகையால் அவற்றையும் மாற்றுவதே விவேகம். இதில் சில ரூபாய் மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம்.

ஆணியை வெளியே எடுக்க ஹப்பின் பின்னே இடமில்லாத கார்களும் உண்டு. ஸ்டட் ஆணியே இன்றி, போல்ட்டை நேராக ஹப்பில் திருகும் கார்களும் உண்டு. இவற்றைத் தேர்ந்த பட்டறையில் விடுவதே முறை.

இதில் கிராம அலுவலர்களும் ஊராட்சியாரும் செய்யக்கூடிய உதவி ஒன்றுண்டு. முறுக்கை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரை ஒவ்வொரு குடும்பமும் வாங்குவது வீண் செலவு. கூட்டுறவுச் சங்கத்தில் ஒன்று வாங்கி வைத்து இரவல் கொடுக்கச் செய்தால், கார்களுக்கு மட்டுமின்றி டிராக்டர், டிரெய்லர் சக்கரங்களுக்கும் அது பயன்படும். வண்டியின் கைப்புத்தகத்தில் கண்ட அளவுக்கு, நட்டுகளை எதிரெதிராக முடுக்க வேண்டும். சக்கரம் மாட்டி 80 கிலோமீட்டர் ஓடியபின், வண்டி ஆறியிருக்கையில், அதே ஸ்பேனரால் மறுபடி ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.