முயல் புழுக்கை போடவில்லையா? அன்றைக்கே கவனியுங்கள்

'எங்கள் மகள் வளர்க்கும் முயல் நேற்று ராத்திரியிலிருந்து ஒன்றும் தின்னவில்லை. மூலையில் குறுகி உட்கார்ந்திருக்கிறது. கூண்டுக்கு அடியில் புழுக்கையே இல்லை. வீட்டில் சளிக்கு வாங்கிய அமாக்சிசிலின் மாத்திரை மீதி இருக்கிறது. கால் மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கலாமா?'
– ஒரு வாசகி, முந்தல், போடிநாயக்கனூர்

வாட்ஸ்அப்பில் வந்த கேள்வி இது. பத்திரிகை வீட்டுக்கு வரும்வரை தாங்கக்கூடிய கேள்வி இல்லை என்பதால் உடனே போன் செய்தேன். 'அந்த மாத்திரையைக் கொடுக்காதீங்கம்மா' என்பதுதான் நான் சொன்ன முதல் வார்த்தை.

காரணம் இதுதான். மாட்டுக்குத் தீவனம் புளித்துச் செரிக்கும் பெருவயிறு முன்னால் இருக்கிறது. முயலுக்கு அதே வேலையைச் செய்யும் பை குடலின் பின்பகுதியில் இருக்கிறது. அந்தப் பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருந்துதான் புல்லைச் சத்தாக மாற்றுகின்றன. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், லின்கோமைசின் போன்றவற்றை வாய்வழியாகக் கொடுத்தால் நல்ல நுண்ணுயிர்கள் செத்து, விஷம் சுரக்கும் கிருமிகள் பெருகிவிடும். கழிச்சல் கண்டு, இரண்டு மூன்று நாளில் முயல் போய்விடும். நான் பயிர் படித்தவன், கால்நடை படித்தவன் அல்ல. ஆனாலும் இதை அனுபவத்தில் கற்றேன். பல வருடம் முன்பு என் வீட்டுப் பிள்ளைகளின் முயலுக்கு, குழந்தைக்கு வாங்கிய ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்தை நானே கொடுத்தேன். மூன்றாம் நாள் காலையில் கூண்டைத் திறந்தது என் மகள்.

முந்தல் அம்மாவிடம் அடுத்து கேட்டது, என்ன தீனி போட்டீர்கள் என்று. 'ஒரு வாரமா அடைமழை சார். புல் அறுக்கப் போக முடியல. சோறு, பன்னு, கேரட்டுன்னு போட்டோம். ஆசையாத்தான் தின்னுச்சு.' நோய்க்கு விதை அதுதான். முயல் குடல் ஓடிக்கொண்டே இருப்பது நார்ச்சத்தால். நார் குறைந்து மாவும் சர்க்கரையும் கூடினால் குடல் மந்தமாகி, காற்று சேர்ந்து, வலி எடுக்கும். வலியில் தின்னாது; தின்னாததால் குடல் இன்னும் நிற்கும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது கீழேதான் இறங்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அதை அவசரம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டைப்போல 'நாளைக்குப் பார்ப்போம்' என்று விட முடியாது. பல்லை நறநறவென்று கடிப்பது, காது சில்லிட்டுப் போவது, வயிற்றைத் தரையில் அழுத்திப் படுப்பது எல்லாம் வலியின் அடையாளம்.

வயிற்றை மெதுவாகத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். உடுக்கைபோல விறைத்திருந்தால் வாயில் எதுவும் ஊட்டக் கூடாது, நேராக மருத்துவரிடம் ஓட வேண்டும். நல்லவேளை, மெத்தென்றுதான் இருந்தது. காது குளிர்ந்திருந்ததால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தார்கள். அப்படியே கூடையில் வைத்துப் போடிக்குக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். அவர் பல்லைப் பார்த்தார் (கடைவாய்ப் பல் வளர்ந்து குத்தினாலும் முயல் தின்னாது), தோலுக்கடியில் நீர் ஏற்றினார், வலிக்கும் குடல் இயக்கத்துக்கும் ஊசி போட்டார். போக வழி இல்லாதவர்கள் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அழைத்துக் கேட்கலாம்.

மிச்ச வேலை வீட்டில்தான். அருகம்புல்லை அரைத்து, முயல் தீவனக் குச்சியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் குழைத்து, இரண்டையும் கலந்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்துக்கொள்ள வேண்டும். முன்பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில், பக்கவாட்டில், ஒவ்வொரு மில்லியாக. மென்று விழுங்கிய பிறகுதான் அடுத்தது. ஒரு தடவைக்கு 5 முதல் 10 மில்லி, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும். மல்லாத்திப் பிடித்து ஊட்டினால் நுரையீரலுக்குப் போய்விடும். வெல்லத் தண்ணி, பால், சோடா உப்பு எதுவும் வேண்டாம். சர்க்கரை இன்னும் காற்றைத்தான் கூட்டும். நடுநடுவே கூண்டைத் திறந்து நடக்க விடுங்கள். நடந்தால் குடலும் அசையும்.

புல் எங்கே கிடைக்கிறது என்று கேட்டபோது இன்னொரு விஷயம் வெளியே வந்தது. வீட்டுக்காரர் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய்வருகிறவர். மழை விட்ட நாளில் திரும்பும்போது தோட்டத்துப் புல்லை ஒரு கட்டு கொண்டுவருவாராம். நம் பக்கத்தில் நிறைய வீடுகளில் இது உண்டு. ஏலத்துக்கு இலைப்பேனுக்கும் தண்டு துளைப்பானுக்கும் திரும்பத் திரும்ப மருந்து அடிக்கிறார்கள். அடியில் முளைக்கும் புல்லிலும் அது படியும். இரண்டு கிலோ முயலுக்குக் கொஞ்சம் மருந்தே அதிகம். கழுவினால் போகும் என்று நம்பாதீர்கள். அந்தப் புல் முயலுக்கு வேண்டாம், ஆட்டுக்கும் வேண்டாம்.

வரப்பில் உள்ள அருகம்புல், கொழுக்கட்டைப் புல், இரண்டு பாத்தி கினியா புல் போதும். வெயில் நாளில், பூ எடுக்கும் முன்னால் அறுத்து, நிழலில் சருகாகக் காயவைத்து, சாக்கில் கட்டிப் பரணில் போட்டால் ஐப்பசி அடைமழைக்குக் கைகொடுக்கும். பூசணம் பிடித்தால் எடுத்து எறிந்துவிட வேண்டும். தட்டில் எப்போதும் புல் இருக்கட்டும். அடர்தீவனம் இரண்டு கிலோ முயலுக்கு நாளைக்கு 50 கிராமைத் தாண்ட வேண்டாம். கேரட் ஒரு துண்டு மிட்டாய் மாதிரி. படக்கதையில் வரும் முயலைப் பார்த்துத் தீனி போடாதீர்கள். மன்னவனூர் ஆராய்ச்சி மையத்திலிருந்து ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா வாங்கி இறைச்சிக்கு வளர்ப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். ஒன்று மட்டும் கூடுதல்: ஒன்றிலிருந்து மூன்று மாதக் குட்டிகள் வயிறு உப்பிக் கழிந்தால், அது பெரும்பாலும் ஈரக் கூண்டில் பரவும் ரத்தக்கழிச்சல் கிருமி. அதற்கு மருந்து வேறு. புழுக்கையை எடுத்துப் போய்ப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் காலை அந்த அம்மாவிடமிருந்து ஒரு படம் வந்தது. செய்தித்தாள்மேல் மிளகு அளவில் பதினோரு புழுக்கைகள். மகள் எண்ணி வைத்திருந்தாளாம். சிறிதாகவும் காய்ந்தும் இருந்தாலும் குடல் நகர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கொண்டைக்கடலை அளவுக்கு வரும்வரை ஊட்டுவதை நிறுத்த வேண்டாம் என்றேன்.

அடுத்த வாரம் திரும்பப் பதறிப்போய் போன். 'சார், விடியக்காலையில குனிஞ்சு தன் புழுக்கையையே தின்னுது. மறுபடி சீக்கா?' இல்லை. திராட்சைக் கொத்துபோல இளகி, பளபளவென்று வருவது வேறு வகை. பின்குடல் பையில் தயாரான சத்தும் வைட்டமினும் அதில் இருக்கின்றன. அதைத் திரும்பத் தின்றால்தான் முயலுக்குச் சேரும். நம் மாடு அசை போடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அசிங்கம் என்று நினைத்துத் தடுக்காதீர்கள். தின்னாமல் அது வாலடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தால்தான் தீவனத்தில் மாவு கூடிவிட்டது என்று பார்க்க வேண்டும்.