நம்ம பிள்ளைங்க உயிரோட இருக்கும்போதே

ஒரு தலித் மாணவன் செத்துப்போனால் என்ன செய்ய வேண்டுமென்று நமக்குத் தெரியும். சுவரொட்டி, கண்டன ஆர்ப்பாட்டம், உண்மை அறியும் குழு, சிறு வெளியீடு, வருசா வருசம் நினைவேந்தல். இதெல்லாம் தேவைதான், வேண்டாமென்று சொல்ல வரவில்லை. ஆனால் அதே மாணவன் சோறு இறங்காமல், வகுப்புக்குப் போகாமல், விடுதி அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்த அந்த இருபது நாளில் என்ன செய்திருக்க வேண்டும்? அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

பேச்செடுத்தால், "மன அழுத்தம், டிப்ரஷன் எல்லாம் காசு இருக்கிறவன் சமாச்சாரம், நமக்கெதுக்கு தோழர்?" என்கிறார்கள். "சாதி ஒழிஞ்சா எல்லாம் சரியாயிடும்" என்கிறார் இன்னொருவர். அந்தப் பக்கம் கல்லூரி நிர்வாகம், "பையன் மனசளவுல வீக்குங்க, குடும்பப் பிரச்சினை" என்று கை கழுவுகிறது. நிர்வாகம் சாதியை மறைக்கிறது. நாம் சாதியைச் சொல்லிவிட்டு அந்தப் பையனை மறந்துவிடுகிறோம். இரண்டுக்கும் நடுவில் அவன் தனியாகக் கிடக்கிறான்.

ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2008இல் சேலம் மாவட்டத்திலிருந்து ஆராய்ச்சி செய்யப் போன செந்தில்குமாரை அங்கே இழந்தோம். 8 வருசம் கழித்து, 2016 ஜனவரி 17 அன்று, அதே வளாகத்தில் ரோகித் வெமுலா. மாதக்கணக்கில் உதவித்தொகை வரவில்லை. ஐந்து தலித் மாணவர்கள் மேல் நடவடிக்கை எடுத்து விடுதியை விட்டே வெளியேற்றினார்கள். இதை வெறும் 'மனச்சோர்வு' என்று எழுதுகிறவன் அயோக்கியன். டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்த பாகுபாட்டை விசாரித்த தோரட் குழு 2007லேயே தன் அறிக்கையைக் கொடுத்துவிட்டது. தொல்லை தாங்காமல் நம் பிள்ளைகள் விடுதியில் தனி மாடிகளில் ஒதுங்க வேண்டியிருந்ததை அது பதிவு செய்தது. நாளைக்கு டாக்டராகப் போகிறவர்கள் வாழ்ந்த சேரி அது!

அழுத்தம் ஆகாயத்திலிருந்து குதிப்பதில்லை. அதற்கு விலாசம் உண்டு. ஸ்காலர்ஷிப் வர வருசம் முடிந்துவிடும். மெஸ் பில் மாசாமாசம் வரும். இங்கிலீஷில் நடத்துவது பாதி புரியாது. எழுந்து கேட்டால் "கோட்டாவுல வந்தவன்தானே" என்று பின்பெஞ்சில் சிரிப்பு. ஊரில் அம்மா நாற்று நடப் போன கூலியில் அனுப்பிய பணம் பையில் இருக்கும். அந்த அம்மாவிடம் 'எனக்குத் தூக்கமில்ல, படிப்பு ஏறல' என்று எந்தப் பிள்ளை சொல்லும்? பெண்பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். 'மனசு சரியில்ல' என்றால் 'காத்துக் கருப்பு' என்று வேப்பிலை அடிப்பார்கள். இல்லையென்றால் படிப்பை நிறுத்திக் கல்யாணம்.

நம் ஆட்கள் வேறொன்று சொல்லுவார்கள்: "அம்பேத்கர் வாரிசு அழலாமா?" அழலாம் தோழர். 1917இல் பரோடாவில் பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்தவர்கள் அண்ணலை விரட்டினார்கள். அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்தவர். இந்து நண்பரிடம் கேட்டார், கிறித்துவ நண்பரிடம் கேட்டார். இருவர் வீட்டிலும் இடமில்லை. ரயிலுக்கு நேரமாகும்வரை ஒரு பூங்காவில் ஐந்து மணி நேரம் தனியே உட்கார்ந்திருந்தார். தாய் தகப்பனை நினைத்துக்கொண்டதை அவரே எழுதிவைத்திருக்கிறார். அவருக்கே அந்த ஐந்து மணி நேரம் வந்ததென்றால், பதினெட்டு வயசுப் பிள்ளைக்கு வராதா? அப்படி ஒருவன் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் போய் உட்காருவதற்குத்தான் இயக்கம்.

நான் போய்வருகிற விடுதி ஒன்றில் இஞ்சினியரிங் படிக்கிற பையன். ஏழு பேப்பர் அரியர். மூன்று வாரமாக யாரிடமும் பேச்சில்லை. முதல் நாள் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள்தான் வாய் திறந்தான். "ஊர்ல எல்லாரும் இஞ்சினியரு வர்றாருங்கிறாங்கண்ணே. தெருவுல நடக்கவே வெக்கமா இருக்கு." அவன் அறைத்தோழன் அவனை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனான். அதே வாரம் மற்ற மாணவர்கள் நிலுவையில் கிடந்த ஸ்காலர்ஷிப்புக்காக அலுவலக வாசலில் உட்கார்ந்தார்கள். மாத்திரையும் வேண்டியிருந்தது, மறியலும் வேண்டியிருந்தது. இன்னும் ரெண்டு பேப்பர் பாக்கி வைத்திருக்கிறான். சாயங்காலம் கிரிக்கெட் ஆடுகிறான்.

இதற்கு டாக்டர் பட்டம் வேண்டாம். ரெண்டு வாரத்துக்கு மேல் ஒருவனுக்குத் தூக்கமோ சாப்பாடோ கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் ஒதுங்கினால் அது சோம்பேறித்தனம் இல்லை, நோவு. போய்ப் பேசுங்கள். புத்தி சொல்லாதீர்கள், "தைரியமா இரு" என்ற வார்த்தையே வேண்டாம். காது கொடுங்கள். சந்தேகம் வந்தால் நேராகவே கேளுங்கள்: "செத்துப்போகலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, அடக்கி வைத்தது வெளியே வரத்தான் வழி பிறக்கும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். டாக்டரைக் கேட்காமல் பாதியில் நிறுத்தக் கூடாது. போலீஸ் கேஸ் ஆகுமென்று பயப்படவும் வேண்டாம். 2017ஆம் வருசத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்காமல் சிகிச்சை கொடுப்பது அரசின் கடமை என்கிறது. ராத்திரி எந்நேரமும் 14416க்குப் போன் செய்யலாம், தமிழிலேயே பேசலாம், காசில்லை.

காது கொடுத்தால் மட்டும் போதாது என்பதையும் நாங்குநேரி சொல்லிக்கொடுத்தது. 2023இல் சக மாணவர்களின் சாதித் தொல்லையால் பள்ளிக்கூடத்துக்கே வராமல் நின்றான் ஒரு பிள்ளை. ஏனென்று விசாரித்த பிறகுதான் விசயம் வெளியே வந்தது. வந்ததும், வீடு புகுந்து அவனையும் தங்கையையும் வெட்டினார்கள். வாயைத் திறக்கச் சொல்லுகிறவர்கள் திறந்தவனுக்குக் காவலும் இருக்க வேண்டும். அடுத்த வருசம் அந்தப் பிள்ளை பிளஸ் டூ தேறினான்.

இன்னொன்று, கசப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். சாவைப் போராட்ட வடிவம் என்று எழுதாதீர்கள். மேடையில் "உன் சாவு வீண்போகாது" என்று நாம் முழங்குவதை, இருட்டறையில் படுத்திருக்கிற இன்னொரு பிள்ளையும் கேட்டுக்கொண்டிருக்கிறான். தன் உயிரைவிடத் தன் சாவுக்குத்தான் மதிப்பு என்று அவன் கணக்குப் போட்டால் யார் பொறுப்பு? அரியலூர் மாவட்டத்து அனிதாவை 1200க்கு 1176 வாங்கியவளாக, சுமை தூக்கும் தொழிலாளியின் மகளாக, நீட்டை எதிர்த்து உச்ச நீதிமன்றப் படியேறியவளாக நினைவில் வைப்போம். 2017 செப்டம்பர் 1 நமக்கு இழப்பு. அதை வழிகாட்டியாக்கக் கூடாது.

நிர்வாகங்களிடம் கேட்க வேண்டியதை விடப்போவதில்லை. 100 மாணவர்களும் அதற்கு மேலும் இருக்கிற கல்வி நிறுவனங்கள் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகரை வைக்க வேண்டுமென்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் கல்லூரியில் அந்த ஆள் யார், எந்த அறையில் இருக்கிறார், சாதி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியுமா? கேளுங்கள். "மூச்சை நல்லா இழுத்து விடுப்பா" என்பதோடு அனுப்பிவிடுகிற ஆலோசகர் நமக்குப் பாதி ஆள்தான். ஸ்காலர்ஷிப்பை நேரத்துக்குக் கொடு, விடுதியில் தள்ளிவைக்காதே, புகார் கொடுத்தவனைப் பழிவாங்காதே. இந்தக் கோரிக்கைகளும் மனநல வைத்தியம்தான்.

அது நடக்கிறபோது நடக்கட்டும். ரெண்டு வாரமாகக் கூட்டத்துக்கு வராத தோழன் ஒருவன் உங்கள் கிளையில் இருப்பான். 'அவன் விலகிட்டான்' என்று நோட்டில் பேரை அடிப்பதற்கு முன்னால், ஒரு டீ வாங்கிக்கொண்டு அவன் ரூம் கதவைத் தட்டுங்கள். இன்றைக்கே.