குறட்டையின் கௌரவம்

குறட்டை விடுகிறவர் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று முதலில் சொன்ன மகானுபாவர் யாரோ! அவர் ஒரு குறட்டைக்காரரின் பக்கத்தில் படுத்துக் கண் விழித்திருக்கமாட்டார் என்பது மட்டும் நிச்சயம். "பாவம், உழைத்த களைப்பு" என்று ஒரு கட்சி. "கும்பகர்ணன் தோற்றான்" என்று இன்னொரு கட்சி. இரண்டும் சேர்ந்து ஒரு வியாதியை மூடி மறைக்கின்றன என்பதே என் வழக்கு.

குடுமியான்மலையில், மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில், புகழ்பெற்ற சங்கீதக் கல்வெட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு எழுத்து. ருத்ராசாரியாரின் சீடனான ஓர் அரசன், ஸ்வரங்களை நான்கு நான்காகக் கட்டி, ஏழு பகுதிகளாக வெட்டுவித்தது. அதைப் பார்த்துவிட்டு மண்டபத்துக்கு வந்தேன். அங்கே ஒருவர் மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். "இவரும் ஸ்வரம் பாடுகிறார்!" என்று கூட வந்தவர்கள் சிரித்தார்கள். திடீரென்று சத்தம் நின்றது. மார்பு மட்டும் ஏறி இறங்கியது; மூச்சு வரவில்லை. நான் இருபது வரை எண்ணிவிட்டேன். பக்கத்திலிருந்த மனைவி தோளைப் பிடித்து உலுக்க, நீரில் முங்கி எழுந்தவர்போல் திணறி மூச்சு வாங்கினார்.

"எத்தனை நாளாக அம்மா இப்படி?"

"பத்து வருஷமா ஐயா. நின்னா உலுக்கி விடுவேன். டாக்டர்கிட்டே சொல்றேன்னேன். புருஷன் குறட்டையைப் போயி வெளியிலே சொல்லுவாளான்னு மாமியார் கோவிச்சுக்கிட்டாங்க."

இதுதான் நம் குடும்ப கௌரவம்!

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அவை சரிந்து மூச்சுப் பாதையையே அடைத்துவிடுகின்றன. ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை பதறி எழுப்புகிறது. மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. பத்து விநாடியாவது மூச்சு நின்றால் அது ஒரு கணக்கு. அப்படி நிற்பதும் குறைவதுமாக மணிக்கு 5 தடவைக்கு மேல் போனால் நோய். 30 தாண்டினால் கடுமை. விடிந்தால் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், காரணமில்லாத கோபம். ரத்த அழுத்தமும் இருதயக் கோளாறும் பின்னாலேயே வருகின்றன. இப்படிப்பட்டவர் பஸ் ஓட்டினால் பிரயாணிகளின் கதி என்ன?

1836-37ல் சார்லஸ் டிக்கன்ஸ் 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் நின்றபடியே தூங்கி வழியும் ஒரு குண்டுப் பையனைப் படைத்தார். உலகம் சிரித்தது. 1956ல்தான் அமெரிக்க வைத்தியர்கள் அந்த நாவலின் பெயரையே ஒரு நோய்க்குச் சூட்டினார்கள். 1981ல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன், மூக்கின் வழியே காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கும் முறையை வெளியிட்டார். இவ்வளவுக்குப் பிறகும், 2022 பிப்ரவரியில் இந்தி இசையமைப்பாளர் பப்பி லாஹிரி இறந்தபோது, தூக்க மூச்சுத்தடையே காரணம் என்று மருத்துவர்கள் சொல்ல, 'அப்படியும் ஒரு நோயா?' என்று கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்!

"இது குண்டர்களின் நோய்" என்பீர்கள். பருமன் பெரிய காரணம்தான். ஆனால் தாடை சிறுத்த ஒல்லி மனிதருக்கும் வரும். டான்சில் வீங்கிய குழந்தைக்கும் வரும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வரும். அவர்கள் வெட்கப்பட்டு வாய் திறப்பதில்லை.

"மூக்கில் குழாய் மாட்டிக்கொண்டு தூங்குவதா?" என்பீர்கள். பகல் முழுவதும் மூக்கின்மேல் கண்ணாடியைச் சுமக்கிறோமே, அதில் வராத வெட்கம் இருட்டில் எங்கிருந்து வருகிறது? கருவியின் விலை நடுத்தரக் குடும்பத்துக்குக் கனம்தான், மறுக்கவில்லை. எல்லாருக்கும் அது தேவைப்படுவதும் இல்லை. எடை குறைப்பது, ஒருக்களித்துப் படுப்பது, மதுவையும் வைத்தியர் சொல்லாத தூக்க மாத்திரையையும் விடுவது ஆகியவற்றுக்குச் செலவில்லை. சிலருக்குப் பல்லில் மாட்டும் சாதனம் போதும்; டான்சில் குழந்தைகளில் பலருக்குச் சத்திர சிகிச்சை போதும். எது யாருக்கு என்பதை ஓர் இரவுப் பரிசோதனைக்குப் பிறகு வைத்தியர் சொல்லட்டும்.

நோயாளிக்குத் தன் நோய் தெரியாது, அவர்தான் தூங்குகிறாரே! சாட்சி பக்கத்தில் படுத்திருப்பவள். அவளைப் பேசவிடாமல் செய்யும் மரியாதை எனக்கு வேண்டாம். வைத்தியர்களே, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதுமுன் அந்த அம்மாளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "ராத்திரியில் இவருக்கு மூச்சு நிற்கிறதா?"