தூக்குக் கயிறும் கூலிக் கணக்கும்

இலண்டனில், தேம்ஸ் நதிக்கரையில், வாப்பிங் பகுதியிலே ‘புறொஸ்பெக்ற் ஒவ் விற்பி’ என்றொரு மதுச்சாலை உண்டு. 1520ஆம் ஆண்டளவில் தோன்றியதென உரிமை கொண்டாடுவது. உள்ளே பழங்கல் பரவிய தரை. பீப்பாய்களின் மேல் அமைந்த விற்பனை மேசை. வெளியே, ஆற்றை நோக்கித் தூக்குமரம் நட்டுச் சுருக்குக் கயிறு தொங்கவிட்டிருக்கிறார்கள். கடற்கொள்ளையரைத் தூக்கிலிட்ட துறையின் ஞாபகார்த்தமாம்! 1701இல் கப்டன் கிட் வாப்பிங்கிலே தூக்கிலிடப்பட்டான். 1980களில் அவ்வூர்ப் பழைய கட்டடமொன்றை மாற்றியமைத்துத் திறந்த மதுச்சாலைக்கு அவன் பெயரையே சூட்டினர். தூக்குமேடை நின்றது எவருடைய வாசலில் என்று மதுச்சாலைகளுக்கிடையே போட்டி வேறு.

பழைய கட்டடத்தைப் புதுப்பித்தல் தவறென்பது எமது வாதமன்று. உளுத்த உத்திரம் மாற்றப்படத்தான் வேண்டும். அலங்காரத்துக்கெனச் சரித்திரத்திலிருந்து எதைப் பொறுக்கி எடுக்கின்றனர் என்பதே எமது வினா.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இலண்டன் ஆற்றங்கரையில் கப்பல்களிலிருந்து நிலக்கரி இறக்கிய தொழிலாளர் மதுச்சாலைக்காரர் தயவிலேயே வேலை பெற்றனர். குடிக்காதவனுக்கு வேலையில்லை, குடித்தவனுக்கோ வீட்டுக்குக் கொண்டுசெல்லக் கூலியில் மிச்சமில்லை. இந்தக் குறிப்பிட்ட மதுச்சாலைதான் அவ்வாறு செய்தது என நாம் சாதிக்கவில்லை. கரை நெடுகிலும் வேரூன்றிய வழக்கம் அது. அதனை ஒழிக்க 1843இல் பாராளுமன்றமே சட்டமியற்றி, வேலை வழங்கத் தனி அலுவலகம் அமைக்க வேண்டியதாயிற்று. பின்னர் 1889இல், மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கேட்டுத் துறைமுகத் தொழிலாளர் ஏறத்தாழ ஐந்து வாரம் வேலைநிறுத்தம் செய்து வென்றனர். வாப்பிங் துறைகள் 1969இல் மூடப்பட்டன. தேயிலை இறங்கிய ஒலிவர் பண்டகசாலை 1970களின் தொடக்கத்திலேயே வசதி படைத்தோர் குடியிருப்பாயிற்று. சுமந்த முதுகுகள் அகன்றன. செங்கற் சுவரின் ‘அழகு’ மட்டும் விலைபோகிறது.

குடிக்க வருபவனுக்குக் கூலிச் சரித்திரம் எதற்கு என்பர் சிலர். தூக்குக் கயிற்றைப் பார்த்தவாறு குடிப்பவனுக்குக் கூலிக் கணக்கைப் பார்த்தால் மட்டும் விக்கல் எடுக்குமோ? கொள்ளைக்காரன் செத்துப்போனவன், அவனால் எவருக்கும் சங்கடமில்லை. தொழிலாளியின் கணக்கோ இன்னும் தீராதது. அதனாலன்றோ அவன் அலங்காரத்துக்கு உதவாதவனாகிறான்!

அடுத்த முறை இவ்வாற்றங்கரை மதுச்சாலைகளின் வெளிச்சுவருக்கு வர்ணம் பூசுவோர் 1843, 1889 என்ற இரு ஆண்டுகளையும் அவற்றின் காரணத்தையும் அங்கே எழுதட்டும். உள்ளே மேசையைப் புதுப்பிப்போர், கூலிப்பணம் எவ்வாறு மதுவாய்க் கரைந்தது என்பதை அதன்மேற் பொறிக்கட்டும். ஒரு பலகையும் சிறிது மையும் போதும். தூக்குமரம் நட்ட செலவிலும் குறைவாகவே முடியும்.