வாடகைக்கு வீடு

வாடகைக்கு வீடு தேடுவது தனி மனிதனுடைய சொந்தத் தொல்லை, அதில் ராஜ்ய விவகாரம் ஒன்றும் இல்லை என்று நம் பொதுஜன ஊழியர்களில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இந்த எண்ணம் தவறென்பது நமது அபிப்பிராயம். சமத்துவத்தைப் பற்றி மேடை தோறும் பேசுகிறோம். அந்தப் பேச்சைக் கேட்டுக் கைதட்டிவிட்டு வீடு திரும்பும் கனவான், மறுநாள் காலையில் தம் மாடிப் பகுதியைக் கேட்டு வந்தவரிடம், “நீங்கள் என்ன ஆட்கள்?” என்று விசாரிக்கிறார். மேடைப் பேச்சுக்கு உரைகல் அந்த வாசற்படிதான்.

சென்னை நகரையே எடுத்துக்கொள்வோம். உத்தியோகம் பார்க்கும் ஒரு குடும்பஸ்தனுக்கு வீடு தேட ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் ஓய்வு. அன்று மாம்பலத்தில் தொடங்கி, வேளச்சேரி, ஆதம்பாக்கம், குரோம்பேட்டை என்று தெற்கே போகப் போக வாடகை குறைகிறது. ஆபீசுக்குப் போகும் தூரம் அதிகரிக்கிறது. கைப்போனில் படம் பார்த்துப் போனால், அந்த வீடு நேற்றே முடிந்துவிட்டதென்று தரகர் சொல்லி, வேறொன்றைக் காட்டுகிறார். அது வெளிச்சம் நுழையாத கீழ்த்தளம். தேடுகிறவன் முதலில் கேட்பது தண்ணீரைப் பற்றி: குழாய்த் தண்ணீரா, ஆழ்துளைக் கிணறா, கோடையில் லாரியா? 2019ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்ததைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியை விடமாட்டார்கள். 2015ஆம் வருஷம் டிசம்பர் மாதத்து வெள்ளத்தில் சாமான்களை இழந்தவர்களோ, அந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்றும் கேட்பார்கள். இவ்வளவையும் ஆடி பிறப்பதற்கு முன் முடித்தாக வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்சுவார் இல்லை. பள்ளிக்கூடம் திறந்த பிறகோ குழந்தைகளை இடம் மாற்ற முடியாது.

வீட்டுக்காரரின் கேள்விகள் வேறு வகை. எத்தனை பேர்? கைக்குழந்தை உண்டா? வந்து போகிறவர்கள் அதிகமோ? மாமிசம் சமைப்பீர்களா? சொந்த ஊர் எது? கடைசிக் கேள்வி ஊரைப் பற்றியது அல்ல என்பது கேட்கிறவருக்கும் தெரியும். பதில் சொல்கிறவருக்கும் தெரியும்.

பண விஷயத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 15,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொண்டால், சென்னையில் நெடுநாளாக வழங்கிவரும் பத்து மாத அட்வான்ஸ் 1,50,000 ரூபாய். முதல் மாத வாடகை 15,000. தரகருக்கு ஒரு மாத வாடகை, அதுவும் 15,000. சாமான் வண்டிக் கூலியைச் சேர்க்காமலே 1,80,000 ரூபாய் ஆகிறது. மாதம் 40,000 ரூபாய் சம்பளம் வாங்குபவனுக்கு இது நாலரை மாத வருமானம். பழைய வீட்டின் அட்வான்ஸ் கைக்கு வருமுன் புதிய வீட்டுக்குக் கொடுக்க வேண்டியிருப்பதால், நகையை அடகு வைக்கிறான். நகைக்கு அவன் வட்டி கட்டுகிறான். அட்வான்ஸுக்கு வீட்டுக்காரர் வட்டி கொடுப்பதில்லை. காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை குடும்பம் இடம் மாறினால் லாபம் அடைபவர் தரகர் ஒருவரே. ஆகையால் அவர் யாரையும் நெடுநாள் தங்கும்படி ஆசீர்வதிக்க மாட்டார்.

இதைவிடச் சிறியதாகத் தோன்றினும் நம் மனத்தை உறுத்துவது மின்சாரக் கணக்கு. 2016ஆம் வருஷத்தில் சர்க்கார் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்று உத்தரவிட்டார்கள். ஒரே இணைப்பிலிருந்து தனி மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று ஒரே விகிதமாக வசூலிக்கும் வீடுகளில், அந்தச் சலுகை குடித்தனக்காரனுக்கு வந்து சேரவே இல்லை. பொதுஜனங்களின் வரிப்பணம் ஏழைக்கென்று புறப்பட்டு, வழியில் வீட்டுக்காரரின் மாடிப்படியிலேயே நின்றுவிடுகிறது.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். சட்டத்துக்குப் பஞ்சமில்லை. யுத்த காலத்தில் 1941ஆம் வருஷத்திலேயே சென்னை மாகாணத்தில் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. (மறு வருஷம் ஏப்ரலில், ஜப்பானியர் குண்டு வீசுவார்கள் என்ற பீதியில் நகரத்தார் கூட்டங் கூட்டமாக வெளியூர்களுக்குக் கிளம்பியதால் வீடுகள் காலியாகக் கிடந்தன. வீடு தேடுகிறவனுக்குச் சென்னை மனமிரங்கிய காலம் அது ஒன்றுதான் போலும்.) பின்னர் 1946, 1949, 1960 ஆகிய வருஷங்களில் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1960ஆம் வருஷத்துச் சட்டம் நியாய வாடகையை அதிகாரி நிர்ணயிக்க வழி செய்தது. அதை நீக்கிவிட்டு, 2017ஆம் வருஷத்தில் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்தது. இதன்படி வாடகை இருதரப்பாரும் பேசி முடித்துக்கொள்ள வேண்டிய விஷயம். உடன்படிக்கை எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவு செய்ய வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திக் குடித்தனக்காரரை வெளியேற்றக் கூடாது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அட்வான்ஸ் பற்றிய பிரிவின் தொடக்கத்திலேயே, ‘வேறு விதமான உடன்படிக்கை இருந்தாலன்றி’ என்ற கருத்தையும் சேர்த்து எழுதிவிட்டார்கள். வீடு வேண்டுமென்று நிற்பவன் எந்த உடன்படிக்கையில்தான் கையெழுத்துப் போட மாட்டான்? வேலிக்குப் பக்கத்திலேயே வாசலையும் வைத்த சட்டம் இது. பத்து மாதம் என்பது பல இடங்களில் ஆறு மாதமாகவோ ஐந்து மாதமாகவோ குறைந்திருப்பது உண்மை. அப்படிக் குறைந்த இடங்களிலும் மூன்றாக நின்றது அபூர்வம்.

பதிவு விஷயம் இதைவிட விபரீதமானது. எழுத்து மூலமான உடன்படிக்கை ஏற்படவில்லை என்பதையே, குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்வதற்குரிய காரணங்களுள் ஒன்றாகச் சட்டம் சொல்கிறது. எழுதிக்கொடுக்கத் தயங்குபவர் பெரும்பாலும் வீட்டுக்காரர்; அதன் பலனை அநுபவிப்பவர் குடித்தனக்காரர். பதினொரு மாத உடன்படிக்கை என்ற பழக்கமும் இன்னும் ஒழியவில்லை. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் சொன்னதிலிருந்து தப்புவதற்காகப் பிறந்த தந்திரம் அது. எந்தக் கால அளவானாலும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தே தீரவேண்டும் என்று ஆன பிறகும், முத்திரைத்தாள் விற்குமிடங்களில் பதினொரு மாதமே அச்சடித்துக் கிடக்கிறது.

வீட்டுக்காரர்கள் எல்லாரும் கொடியவர் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயுள் முழுவதும் உழைத்து, பென்ஷன் பணத்தையும் போட்டு ஒரு மாடி கட்டி, அந்த வாடகையில் மருந்து வாங்கும் முதியோர் நம் நகரங்களில் ஏராளம். வாடகை பாக்கியோடு வீட்டையும் விடாமல் கோர்ட்டுக்கு இழுத்தடிக்கும் குடித்தனக்காரர்களையும் நாம் அறிவோம். பழைய சட்டத்தின் கீழ் இத்தகைய வழக்குகள் வருஷக் கணக்கில் நடந்தன. அந்தப் பயத்தினாலேயே பலர் வீட்டைப் பூட்டி வைத்தார்கள். 2011ஆம் வருஷத்து ஜனக்கணக்கெடுப்பின்போது இந்திய நகரங்களில் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகள் காலியாக இருந்தன. வீடில்லாதவர் ஒரு புறம், ஆளில்லாத வீடு மறுபுறம். செங்கல்லும் சிமென்டும் மட்டும் தீர்க்கக்கூடிய கஷ்டம் அல்ல இது.

ஆயினும் வீட்டுக்காரரின் பயம் வேறு. அவருடைய துவேஷம் வேறு. முன்னதற்கு விரைவான நியாய ஸ்தலம் பரிகாரம். பின்னதற்குப் பரிகாரம் என்ன? ‘சைவம் மட்டும்’ என்று பலகை மாட்டுகிறார்கள். அந்தப் பலகை சமையலறையைப் பற்றியது என்று நம்புகிறவர் நம்பட்டும். முஸ்லிம் பெயர் காதில் விழுந்தவுடன், “உறவினர் ஒருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்” என்று வீட்டுக்காரருக்கு ஞாபகம் வருகிறது. ஆதிதிராவிட வகுப்பைச் சேர்ந்த பட்டதாரி, தம் சொந்த ஊரில் எந்தத் தெரு என்ற கேள்விக்கு உண்மையைச் சொன்னால் வீடு இல்லை. பொய்யைச் சொன்னால், வீட்டிலே ஊர்க்காரர் யாரேனும் வந்துவிடுவார்களோ என்று அஞ்சி வாழ வேண்டும். படிப்பும் உத்தியோகமும் பெற்றால் இழிவு நீங்கும் என்று அவருக்குச் சொன்னவர்கள் நாம்தானே?

தீண்டாமையை அரசியல் சாசனத்தின் 17ஆவது ஷரத்து ஒழித்தது. தீண்டாமை காரணமாக ஒருவர் எந்தப் பகுதியிலும் குடியிருப்பதைத் தடுப்பது 1955ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். ஆனால் காரணத்தை வாய்விட்டுச் சொல்லாதவரை அது எப்படி ருசுவாகும்? மத விஷயத்தில் நிலைமை இதைக் காட்டிலும் மோசம். கடை, ஓட்டல், கிணறு, குளம் இவற்றில் வேற்றுமை பாராட்டக் கூடாதென்று 15ஆவது ஷரத்து கூறுகிறது. வாடகை வீடு அந்த வரிசையில் இல்லை. குஜராத்தில் பார்சிகளுக்கென்று ஏற்பட்ட ஒரு வீட்டு வசதிக் கூட்டுறவுச் சங்கம், பிறரை அங்கத்தினராகச் சேர்க்க மறுத்ததைச் சுப்ரீம் கோர்ட்டு 2005ஆம் வருஷத்தில் செல்லுமென்று தீர்ப்பளித்தது. 2017ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டமும், வீடு கிடைத்த பிறகு உள்ள உரிமைகளைச் சொல்கிறதே ஒழிய, வீடு மறுக்கப்பட்டவனைப் பற்றி வாய் திறக்கவில்லை.

தனியாக உத்தியோகம் பார்க்கும் பெண்களின் கதியும் இதுவே. இரவு நேர வேலை என்றால், அவளுடைய நடத்தையைப் பற்றி அக்கம்பக்கத்தாருக்கு ஜாமீன் கொடுக்க வேண்டியிருக்கிறது. பிரமசாரி ஆண்களுக்காவது திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் இருக்கின்றன. பெண்களுக்கு அதுவும் இல்லை. சர்க்கார் இதைச் சிறிது உணர்ந்து, ‘தோழி’ விடுதிகளைத் திறந்திருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கத்தக்க கட்டடங்கள் திறக்கப்பட்டன. இவற்றை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் விடுதி வீடாகாது. தாயை ஊரிலிருந்து அழைத்துவந்து தன்னுடன் வைத்துக்கொள்ள விரும்பும் பெண்ணுக்கு விடுதியில் இடம் ஏது?

அடிக்கடி வீடு மாறுகிறவனுக்கு ரேஷன் அட்டை ஒரு விலாசத்திலும், ஆதார் இன்னொன்றிலும், காஸ் இணைப்பு மூன்றாவதிலும் இருக்கின்றன. வாக்காளர் பட்டியலைத் திருத்த அதிகாரி வரும்போது அவன் பழைய வீட்டில் இல்லை. புதிய வீட்டிலோ இன்னும் பெயர் ஏறவில்லை. வாடகை உடன்படிக்கையை விலாச ருசுவாகக் காட்டலாமென்றால், தம் பெயர் காகிதத்தில் வருவதை வீட்டுக்காரர் விரும்புவதில்லை. தொகுதிதோறும் வாக்குக் கேட்டு அலையும் ஊழியர்கள் இந்தப் பெயர்களை எண்ணிப் பார்த்தார்களா?

சட்டசபை செய்யவேண்டியது அதிகமில்லை. அட்வான்ஸ் பிரிவிலிருந்து அந்த விதிவிலக்கை எடுத்துவிட வேண்டும். பதிவு செய்யாத குற்றத்தின் சுமை வீட்டுக்காரர் மீது விழும்படி பிரிவைத் திருத்த வேண்டும். தனி மீட்டர் கட்டணம் மின்வாரிய விகிதத்துக்கு மேற்படலாகாதென்று விதி செய்ய வேண்டும். வீட்டுக்காரரின் பாக்கி வழக்குகளைத் தாமதமின்றி முடிக்க வாடகை நியாய ஸ்தலங்களுக்குப் போதிய அதிகாரிகளை நியமிக்க வேண்டும். ஜாதி, மதம் காரணமாக வீடு மறுப்பதைக் குற்றமாக்கும் ஒரு புதிய பிரிவு வேண்டும். பலகையிலோ விளம்பரத்திலோ அவ்வாறு எழுதுவதையாவது உடனே தடுக்கலாம். அதற்கு ருசு தேடி அலைய வேண்டியதில்லை. பலகை வாசலிலேயே தொங்குகிறது. அடுத்த சட்டசபைக் கூட்டத்திலேயே இத்தகைய திருத்த மசோதாவை எந்தக் கட்சியின் அங்கத்தினர் கொண்டுவந்தாலும் நாம் ஆதரிப்போம்.