'அணிலால் மின்தடை': ஒரு வேற்றுமை உருபின் பொறுப்பு

கள ஆய்வுக்காகக் காளஹஸ்தியில் தங்கியிருந்தபோது ஒரு கோடை மாலையில் மின்சாரம் நின்றது. ஒரு மணி நேரத்துக்குப் பின் மின்மாற்றியில் ஃபியூஸ் மாற்றிவிட்டு இறங்கிய லைன்மேனிடம் தெருவினர் காரணம் கேட்டனர். "உடுத படிந்தி" என்றார் அவர். அணில் விழுந்ததாம். அனைவரும் கலைந்தனர். இரண்டே வாரங்களில் அதே மின்மாற்றியில் மீண்டும் பழுது. மீண்டும் அதே விடை. இருமுறையும் எவரும் அடுத்த வினாவைத் தொடுக்கவில்லை. நானும்தான்.

2021 ஜூனில் தமிழக மின்துறை அமைச்சராக இருந்த செந்தில் பாலாஜி, மின்கம்பிகளில் ஓடும் அணில்களும் மின்தடைக்குக் காரணம் என்றபோது நாம் நகைத்தோம். 2025 பிப்ரவரி 9 அன்று இலங்கை முழுவதும் இருண்டது. பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் புகுந்த குரங்கே காரணம் என்று அந்நாட்டு அமைச்சர் கூறியபோதும் நகைத்தோம். ஆனால் 1987இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் முடக்கியதும் ஓர் அணில்தான். இக்காரணத்தில் பொய்யில்லை. அதை முழு விடையாக ஏற்பதில்தான் பிழை இருக்கிறது.

ஒற்றைக் கம்பியில் ஓடும் அணிலுக்கு ஒன்றும் நேராது. மண்ணுடன் இணைக்கப்பட்ட மின்மாற்றியின் உடலில் நின்றபடி, மேலே மறைப்பின்றி நிற்கும் மின்முனையைத் தொட்டால் அதன் உடலே மின்பாதையாகிவிடும். பழந்தின்னி வௌவாலின் விரிந்த சிறகு ஒரு மீட்டருக்கும் மேல் நீளும். அது இரு கம்பிகளை ஒருசேரத் தொட்டுவிடும். முட்டை தேடிக் கம்பம் ஏறும் பாம்பும் இவ்வாறே மாள்கிறது.

இலக்கணம் பயின்றோர் சற்று நிதானிக்க வேண்டிய இடம் இது. 'ஆல்' என்னும் மூன்றாம் வேற்றுமை உருபு கருவியையும் உணர்த்தும், கருத்தாவையும் உணர்த்தும். கருவியிலும் முதற்கருவி, துணைக்கருவி என்ற பிரிவுண்டு. மண்ணால் வனைந்த குடம் என்பதில் மண் முதற்கருவி. சக்கரத்தால் வனைந்த குடம் என்பதில் சக்கரம் துணைக்கருவி. மின்தடையில் மறைப்பில்லா மின்முனையே முதற்கருவி. அணில் துணைக்கருவி மட்டுமே. அவ்வமைப்பைத் திட்டமிட்டோரும், பழுது மீளும் இடமென அறிந்தும் திருத்தாதோரும் கருத்தாக்கள். 'அணிலால்' என்ற ஒற்றைச் சொல் துணைக்கருவியைக் கருத்தாவின் இருக்கையில் அமர்த்திவிடுகிறது. உண்மைக் கருத்தா வாக்கியத்தை விட்டே வெளியேறிவிடுகிறார்.

இதன் விளைவு ஒரு மணி நேர இருளோடு முடிவதில்லை. சிலந்தி, பாம்பு, யானை ஆகிய மூன்றின் பெயரால் அமைந்த ஊர் இது. சித்தூர் மாவட்டத்தின் கௌண்டின்யா சரணாலயத்தை ஒட்டிய ஊர்களில் மின்சாரம் தாக்கி யானைகள் இறந்துள்ளன. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூர் அருகே, ஏரிக்கரை மேட்டில் ஏறிய யானை தாழ்ந்து சென்ற கம்பியில் பட்டு மாண்டது. அங்கும் 'யானை கம்பியைத் தொட்டது' என்றே எழுதுகிறோம். கம்பி தாழ்ந்திருந்தது என்பது அடைமொழியாகச் சுருங்கிவிடுகிறது.

தீர்வுகள் புதியவையல்ல. மின்முனைகளுக்குக் காப்பு மூடி, இணைப்புக் கம்பிகளுக்குக் காப்புறை, விலங்குகள் ஏற இயலாதபடி கம்பத்தைச் சுற்றி வழுவழுப்பான தகடு, கிளை வெட்டுதல், காட்டோரங்களில் உயர்த்திய கம்பிகள் அல்லது உறையிட்ட கம்பிகள் போதும். கடனில் தத்தளிக்கும் மின்பகிர்மான நிறுவனங்களால் எல்லாக் கம்பிகளையும் மாற்ற இயலாது என்பர். அது உண்மையே. எனவேதான் எந்த மின்மாற்றியில் எத்தனை முறை, எந்த உறுப்பில் பழுது நேர்ந்தது என்ற பதிவு தேவைப்படுகிறது. மீண்டும் மீண்டும் பழுதாகும் இடங்களிலிருந்து தொடங்கலாம். பதிவேட்டில் 'அணில்' என்று மட்டும் எழுதினால் அடுத்த மூடியை எங்கே பொருத்துவது என்று எவருக்கும் தெரியாது. இரவில் கம்பம் ஏறும் லைன்மேனும் அதே ஆபத்தில் மீண்டும் ஏறுவார்.

உங்கள் தெருவில் மின்சாரம் நின்று 'அணிலால்' என்ற விடை வந்தால் நகைக்க வேண்டாம், கலையவும் வேண்டாம். "எந்த இடத்தில்? அங்கே மூடி இருந்ததா?" என்று கேளுங்கள். அன்று நான் கேட்கத் தவறிய வினா அது.